எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கில் மனச்சோர்வுப் பரிசோதனை: அப்பாவைக் கூட்டிப்போன கதை

மலேசியாவில் பேராக் பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம் உள்ள சின்னப் பட்டணம். பேரைப் போட்டால் எந்தக் கிளினிக் என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. இடுப்பு வலியால் குலை வெட்டும் வேலையை விட்டு எட்டு மாதம். தலை பாரம், உடம்பு வலி என்பார், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வீட்டு முன்புற அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார், பசியாறக் கூப்பிட்டால் அப்புறம் என்பார். அழுததில்லை, மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதுமில்லை, அதனால் நாங்களும் வயசுக் கோளாறு என்று இருந்துவிட்டோம், அத்தை மட்டும் கோயிலில் மந்திரித்துக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டார். தலைவலிக்கென்று மூன்றாவது தடவை போனபோதுதான் டாக்டர் ஒரு தாளை நீட்டினார்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருந்தது இரண்டரை மணி நேரம். எங்களிடம் கொடுத்த தாள் மலாயில். தலைப்பில் மனச்சோர்வுக்குப் போட்டிருந்த மலாய்ச் சொல்லைக் கெமுருங்கான் என்று நான் வாசிக்க, அப்பா "முருங்கையா?" என்றார். ஒன்பது கேள்வி, போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் 0 போட்டுக்கொண்டே வந்தார். மொத்தம் கோசோங், அதாவது பூஜ்யம். சரி, வீட்டுக்குப் போகலாம் என்று நானும் எழுந்துவிட்டேன்.

அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸிதான் விடவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். எதிலும் நாட்டமில்லையா என்றால் அப்படியெல்லாம் இல்லையே என்கிற மனுஷனிடம், "ஐயா, வீட்டுல கோழி இருக்கா? தீனி யாரு போடுறா?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "இப்ப மருமகதாம்மா போடுது." எப்போதிலிருந்து? "தீபாவளிக்கு முன்னேருந்து." ஒவ்வொரு கோழியையும் பேர் வைத்துக் கூப்பிட்டவர் அவர்! அப்புறம் தூக்கம், சாப்பாடு, பேப்பர் வாசிக்க மனசு நிலைக்காதது, வீட்டுக்கு நான் பாரம் என்கிற நினைப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்கிற கடைசிக் கேள்விக்கு என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

இந்தத் தடவை 16. 10 வந்தாலே டாக்டர் தீர விசாரிக்க வேண்டுமாம், தாளை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்துவதில்லை. தைராய்டு, ரத்தசோகையிலும் இதே மாதிரி சோர்வு வரும் என்று ரத்தமும் எடுத்தார்கள். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் என்கிற மாத்திரை கொடுத்தார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்கள். முதல் வாரம் குமட்டல் இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புல்லுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள் என்றார். கடைசிக் கேள்விக்கு அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஸ்டோரில் இரண்டு போத்தல் இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த நான்கும் மிஸ்ஸிக்கு. பதிவுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மறக்காதீர்கள். கிளினிக் வரை போக முடியாதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் என்கிற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 15555. நேரில் போனால் தமிழ் பேசுகிற மிஸ்ஸி யாராவது இருக்கிறார்களா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.