சிக்னல் ஆப்: அடுத்தவர் ரகசியத்தை நம்பி வைக்கலாமா?

மெசேஜ் ஆப்களைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் "என் தகவல் பத்திரமா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நம் போனில் கிடப்பதில் நிறைய அடுத்தவர் சங்கதி. சக ஊழியர் அனுப்பிய மெடிக்கல் ரிப்போர்ட், தோழிக்கு வந்த வக்கீல் நோட்டீஸ், வேலை மாறப்போவதாக ஒருவர் காதோடு காதாகச் சொன்னது, யாருக்கும் இன்னும் தெரியாத ஒரு கர்ப்பம். இதையெல்லாம் பொத்திவைக்க ஒரு ஆப் எவ்வளவு கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்ற கோணத்தில் மட்டும் சிக்னலைப் பார்ப்போம். ஸ்டிக்கர் அழகாக இருக்கிறதா, வீடியோ கால் தெளிவா என்பதெல்லாம் இங்கே வராது.

முதலில் கம்பெனிப் பக்கம். சிக்னலை நடத்துவது 2018-இல் தொடங்கிய லாப நோக்கற்ற அறக்கட்டளை. விளம்பரம் கிடையாது. அறக்கட்டளை வருவதற்கு முன்பே, 2016-இல், சிக்னலை அப்போது நடத்தியவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலிருந்து சம்மன் வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே தகவல்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக சர்வரோடு இணைந்த நாள். யார் யாரோடு பேசினார், எந்த குரூப்பில் இருந்தார் என்பது அவர்களிடமே இல்லை. மெசேஜைப் பூட்டும் முறையில் வாட்ஸ்அப்பும் சளைத்ததல்ல. 2016 முதல் அதுவும் சிக்னலின் புரோட்டோகாலைத்தான் பயன்படுத்துகிறது. வித்தியாசம் பூட்டுக்கு வெளியே இருக்கும் விஷயங்களில்தான்.

அதில் பெரியது போன் நம்பர். இன்னொருவரின் நம்பரைக் கேட்காமல் மூன்றாம் ஆளிடம் கொடுப்பது எல்லோரும் சர்வசாதாரணமாகச் செய்யும் தப்பு. குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பதும் அதே தப்புதான்: சேர்த்த நொடியில் முன்பின் தெரியாத ஐம்பது பேர் கையில் அவர் நம்பர் போய்விடும். 2024 பிப்ரவரியில் சிக்னல் யூசர்நேம் வசதியைக் கொண்டுவந்தபோது இதை அடியோடு மாற்றியது. இப்போது உங்கள் நம்பரை ஏற்கெனவே தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. குரூப்பிலும் அப்படியே, எதையும் மாற்றாமல் விட்டாலே இதுதான் நிலை.

யூசர்நேமை ப்ரொஃபைல் பகுதியில் உருவாக்கலாம். பெயருக்குப் பின்னால் குறைந்தது இரண்டு இலக்கம் வர வேண்டும். இது ஃபேஸ்புக் ஐடி மாதிரி எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. பேச்சைத் தொடங்க மட்டும் உதவும் ஒரு முகவரி; அதற்கப்புறம் திரையில் தெரிவது உங்கள் ப்ரொஃபைல் பெயர்தான். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஏற்கெனவே நடக்கும் உரையாடல்கள் அறுந்துபோகாது. இரண்டு பேரை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டுமா? ஒருவரின் அனுமதியோடு அவருடைய யூசர்நேம் லிங்க்கையோ க்யூஆர் கோடையோ மற்றவரிடம் கொடுங்கள். வேண்டாத ஆள் கைக்கு அது போய்விட்டால் அவரே லிங்க்கை ரீசெட் செய்துகொள்ளலாம், பழையது செத்துவிடும். நம்பரை அப்படித் திரும்ப வாங்க முடியுமா?

ப்ரைவசி செட்டிங்ஸில் போன் நம்பர் என்ற பிரிவுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும்: நம்பரை யார் பார்க்கலாம், நம்பரை வைத்து யார் தேடிக் கண்டுபிடிக்கலாம். முதலாவது ஏற்கெனவே "யாரும் இல்லை" என்றிருக்கும். இரண்டாவது "எல்லோரும்" என்றே திறந்து கிடக்கும். இங்கேதான் சிக்னல் மீது எனக்குக் குறை. ஒருவர் புதிதாகச் சேர்ந்ததும், அவர் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களின் போனில் "இன்னார் சிக்னலில் இருக்கிறார்" என்று மணியடிக்கக்கூடும். பிரிந்துபோன கணவன், பழைய முதலாளி, எப்போதோ நம்பர் வாங்கிய தரகர் எல்லோருக்கும் சேதி போகலாம். அவரவர் தன் போனில் இந்த அறிவிப்பை நிறுத்திக்கொள்ளலாம். சேருபவருக்கு அது உதவாது. ஆகவே இந்த ஆப்பை ஒருவருக்குப் பரிந்துரைக்கும்போதே, நம்பரை வைத்துத் தேடும் வசதியையும் "யாரும் இல்லை" என்று மாற்றச் சொல்லுங்கள். ரகசியம் காக்கும் ஆப் என்று பேர் வைத்துக்கொண்டு வாசலிலேயே தண்டோரா போடுவது எந்த ஊர் நியாயமோ.

குரூப் விஷயத்தில் இன்னொரு சிக்கல், நம்பர் மறைந்திருந்தாலும் தீராதது. சில குரூப்புகளில் உறுப்பினராக இருப்பதே ரகசியம். குடியை விட முயல்பவர்கள், குழந்தைப்பேறு சிகிச்சை எடுப்பவர்கள், ஒரே நோயோடு போராடுபவர்கள். உள்ளே நுழைந்த எவருக்கும் மற்ற எல்லோருடைய ப்ரொஃபைல் பெயரும் படமும் தெரியும். எனவே குரூப் பெயரில் நோயின் பெயரைப் போடாதீர்கள். நோட்டிபிகேஷனில் அதுவும் தெரியும். ப்ரொஃபைல் பெயர் அசல் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சிக்னலில் இல்லை, அதை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் ஆள் சேர்க்கலாம் என்பதை அட்மின் மட்டும் என்று வையுங்கள். குரூப் லிங்க் இருந்தால் அட்மின் ஒப்புதல் என்ற பொத்தானையும் போட்டுவிடுங்கள். ஒருவரையொருவர் அறியவே கூடாது என்றால் குரூப் வேண்டாம். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் உள்ள பிராட்காஸ்ட் லிஸ்ட் போன்ற வசதி சிக்னலில் இல்லாதது இந்த இடத்தில் நிஜமாகவே உறுத்துகிறது.

தவறான ஆளைச் சேர்த்துவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகள் ராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரே தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். என்க்ரிப்ஷனை யாரும் உடைக்கவில்லை. பட்டியலில் ஒரு பெயர் மாறிப்போனது, அவ்வளவுதான்.

அடுத்து போட்டோ. 2020 ஜூனில் வந்த மங்கலாக்கும் கருவி சிக்னலின் நல்ல யோசனைகளில் ஒன்று. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் எடிட் திரையில் மங்கலாக்கும் ஐகான் இருக்கும். அதைத் தொட்டு, முகங்களை மங்கலாக்கும் ஸ்விட்சைப் போட்டால் ஆப்பே முகங்களைத் தேடி மூடும். இந்த வேலை முழுக்க உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. அது தவறவிட்டதை விரலால் தேய்த்து மூடலாம். தவறவிடும், நிச்சயம் தவறவிடும். பக்கவாட்டில் திரும்பிய முகம், மாஸ்க் போட்ட முகம், பின்வரிசையில் சின்னதாகத் தெரியும் முகம், கண்ணாடியில் விழுந்த பிம்பம். ஐந்து பேரில் நால்வரை அழகாக மூடிவிட்டு ஐந்தாமவரை அப்பட்டமாக விட்டுவைக்கும். பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பார்த்த பிறகே அனுப்புங்கள். முகத்தை மூடியாயிற்று என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, கையில் பச்சை, வண்டி நம்பர், மேஜைமேல் கிடக்கும் மருந்துச்சீட்டு என்று ஆளைக் காட்டிக்கொடுக்க எத்தனையோ இருக்கின்றன.

எழுத்தை மறைக்க இந்தக் கருவியை நம்பாதீர்கள். லேசாக மங்கிய எண்களையும் எழுத்துகளையும் அவற்றின் வடிவத்தை வைத்து ஊகிக்க முடியும். முதல் வழி, தேவையில்லாத பகுதியை வெட்டிவிடுவது. வெட்ட முடியாத இடத்தில் பேனாவைத் தடிமனாக்கி, அடர்ந்த நிறத்தில் கெட்டியாகப் பூசுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஹைலைட்டரை எடுத்துவிட்டால் வம்பு; அது ஒளி ஊடுருவும் மை, கருப்பில் பூசினாலும் அடியில் எழுத்து நிழலாடும், வெளிச்சத்தைக் கூட்டினால் படித்துவிடலாம்.

ஸ்க்ரீன்ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உரையாடலில் ஒரே ஒரு வரியைக் காட்டத்தான் எடுத்தீர்கள். மேலே பெயரும் படமும் இருக்கிறது, அதை மூடிவிடுவீர்கள். நடுவில் யாரோ மேற்கோள் காட்டிப் பதில் எழுதிய பெட்டிக்குள் பெயர் மறுபடி வருகிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு மெசேஜ் ஓரத்திலும் சின்ன வட்டத்தில் ப்ரொஃபைல் படம். மேல் விளிம்பில் அந்நேரம் வந்து விழுந்த வேறொரு நோட்டிபிகேஷன். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுங்கள். அதைவிட நல்லது, எழுதியவரிடம் கேட்டுவிட்டு அந்த வரியைத் தட்டச்சு செய்து அனுப்புவது.

சிக்னல் வழியாகப் போகும் படங்களிலிருந்து எடுத்த இடம் போன்ற உள்தகவல்கள் நீக்கப்பட்டுவிடும். பிடிஎஃப், வேர்ட் ஃபைல் போன்ற ஆவணங்களுக்கு இது பொருந்தாது. எழுதியவர் பெயர் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். நமக்கு வரும் படங்களும் தானாக கேலரிக்குள் போய் விழுவதில்லை. சின்ன விஷயம் போலத் தெரியும். கேலரிக்குள் போன படம் கிளவுட் பேக்கப்புக்கும் போகும், வீட்டு டிவியில் ஸ்லைட்ஷோவாகவும் ஓடும் என்பதை யோசித்தால் இதன் அருமை புரியும்.

தானாக மறையும் மெசேஜ் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அனுப்பியவர் போனில் அனுப்பிய கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். பெறுபவர் போனில் அவர் படித்த பிறகுதான் ஓடும். அவர் பத்து நாள் திறக்காவிட்டால் பத்து நாளும் அங்கே இருக்கும். மேற்கோள் காட்டிப் பதில் எழுதினால் அந்தத் துண்டு, பதிலோடு சேர்ந்து இன்னும் கொஞ்ச காலம் வாழும். ஆண்ட்ராய்டில் நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி என்ற வசதி போட்டிருந்தால், மறைந்த மெசேஜின் வாசகம் 24 மணி நேரம் அங்கே படிக்கக் கிடைக்கும். ஸ்மார்ட் வாட்ச் தனிக்கதை. அதனால் நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில், எதைக் காட்டலாம் என்ற இடத்தில் பெயரும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். மெசேஜ் மறைய அதிகபட்சமாகப் பட்டியலில் தரப்படும் அவகாசம் 4 வாரம். பிறர் சொந்த விஷயம் பேசும் உரையாடல்களுக்கு ஒரு வாரம் தாராளம். நீங்கள் தொடங்கும் புதிய உரையாடல்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி ப்ரைவசி பகுதியில் ஒரே தடவை வைத்துவிடலாம்.

ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்துக்கும் இதே எச்சரிக்கைதான். எதிரில் இருப்பவர் இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதைத் தடுக்க எந்த ஆப்பாலும் முடியாது. ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்கும் செட்டிங்ஸ் உங்கள் போனுக்கு மட்டுமே. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட்டின் ரீகால் வசதி திரையை அடிக்கடி படமெடுத்துச் சேமிப்பதால், 2025 மே முதல் சிக்னலின் டெஸ்க்டாப் ஆப் தன் ஜன்னலைத் தானாகவே மறைத்துக்கொள்கிறது. இதை அணைக்காதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு வசதி: யாருக்கும் சிக்னலுக்குள்ளேயே செல்லப்பெயரும் குறிப்பும் வைத்துக்கொள்ளலாம். இதன் பயன் எங்கே என்றால், போன் கான்டாக்ட்ஸில் "குமார் கிட்னி", "செல்வி டைவர்ஸ் கேஸ்", "மணி கடன்" என்று சேமித்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப்களில் சில, கான்டாக்ட்ஸ் பட்டியலை அப்படியே அள்ளிக்கொண்டு போய், நாம் வைத்த பெயரை ஊருக்கே காட்டும். பாவம், குமாருக்குத் தன் கிட்னி விஷயம் எப்படி வெளியே போனதென்றே தெரியாது. சிக்னலுக்குள் வைத்த பெயர் உங்களுக்கு மட்டும் தெரியும். கான்டாக்ட்ஸ் அனுமதியே கொடுக்காமலும் சிக்னல் ஓடும். யூசர்நேம் வைத்துப் பேசுபவருக்கு அது தேவையும் இல்லை.

கால் வசதி பற்றி ஒரு வரி: எல்லா அழைப்பையும் சர்வர் வழியே அனுப்பும் தேர்வு உண்டு, அதைப் போட்டால் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எதிராளிக்குத் தெரியாது, ஒலித்தரம் கொஞ்சம் குறையும்.

கடைசியாக, இணைத்த சாதனங்கள். செட்டிங்ஸில் அந்தப் பட்டியலைத் திறந்தால் எப்போதோ இணைத்த லேப்டாப் இருந்தாலும் இருக்கும். போனிலிருந்து அதை நீக்கிவிட்டால் புது மெசேஜ் போகாது. ஆனால் அதுவரை வந்தவை லேப்டாப்பில் அப்படியே இருக்கும். அவற்றைத் துடைக்க லேப்டாப்பிலேயே சிக்னலைத் திறந்து, ப்ரைவசி பகுதியின் அடியில் உள்ள டேட்டாவை அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். லேப்டாப்பை விற்பதற்கோ ரிப்பேருக்குக் கொடுப்பதற்கோ முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.