பழைய நூலில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு எந்த அகராதியைப் புரட்டுவது?

1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று ஒரு காணிக்கை வருகிறது. அதில் படைப்பது மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். இறைச்சியின் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் 'மீட்' என்ற சொல் பொதுவாக உணவையும் குறித்தது. தமிழ் விவிலியம் 'போஜனபலி' என்று சரியாகவே சொல்லிவிட்டது. இன்றைய கையகராதியோடு ஆங்கில வரியைப் படிப்பவர்தான் தடுமாறுவார். இந்த இடத்தில் ஒவ்வோர் அகராதியும் ஒவ்வொரு விதமாக உதவும், ஒவ்வொரு விதமாகக் காலை வாரும்.

என் கணக்கில் முதலிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குத்தான். 1884-ல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928-ல் முடிந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் 2000 முதல் இணையத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பொருள்களைப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு குறித்த மேற்கோள்களைத் தருவதுதான் அதன் பலம். பார்க்கும் முறை எளிது. நீங்கள் படிக்கும் நூலின் ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளின் மேற்கோள்கள் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இருக்கின்றனவோ, அதைத்தான் முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுக்கு வெகு காலம் கழித்துத் தொடங்கும் பொருளை ஒதுக்கிவிடலாம். பக்கத்தில் குத்துவாள் குறி (†) இருந்தால் அது வழக்கொழிந்த பொருள்.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்கும். முதல் மேற்கோளின் ஆண்டு அந்தச் சொல் பிறந்த ஆண்டு அல்ல. இதுவரை கண்ணில் பட்ட எழுத்துச் சான்றின் ஆண்டு, அவ்வளவே. இன்னொன்று, எல்லாப் பதிவுகளும் திருத்தப்பட்டுவிடவில்லை. பதிவு எப்போது வெளியானது, எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு நம்புங்கள். இணையப் பதிப்பை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு முதல் பதிப்பின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே உண்டு. விக்டோரியா காலம் வரையான நூல்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

மெரியம்-வெப்ஸ்டரின் காலேஜியேட் அகராதியும் பழைய பொருளைத்தான் முதலில் போடுகிறது. இதை அறியாமல் முதலில் இருப்பதே முக்கியமான பொருள் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அதில் தரப்படும் முதல் வழக்கு ஆண்டும் முதல் பொருளுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் பொருளுக்கு அதை ஒட்டவைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் பிசகும்.

18-ஆம் நூற்றாண்டு நூல் என்றால் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வாசகரின் காது எப்படி இருந்தது என்று அதுதான் காட்டும். 'நைஸ்' என்ற சொல்லையே பாருங்கள். லத்தீனில் 'அறியாத' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் 'மடத்தனமான' என்று தொடங்கி, 'நுணுக்கம் பார்க்கிற' என்று மாறியது. 'இனிமையான' என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. ஜான்சன் முதலில் தருவது நுணுக்கப் பொருளைத்தான். ஆகவே அக்கால நூலில் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தால் நுட்பமான வேறுபாடு என்று படிக்க வேண்டும். ஒரு குறை: ஜான்சனின் மேற்கோள்களில் பெரும்பாலும் ஆசிரியர் பெயர்தான் இருக்கும், ஆண்டு இருக்காது.

நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி அன்றைய அமெரிக்க வழக்குக்கு நல்ல சாட்சி. அதன் வேர்ச்சொல் விளக்கங்களை மட்டும் நம்பாதீர்கள். 1864 பதிப்பில் அவற்றையெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. சொற்களின் வேர் காட்டும் இணைய அகராதியான எட்டிம்ஆன்லைன் இலவசம், வேகம். வேர் அறிய நல்லது. ஆனால் மேற்கோள்களை அது வரிசையாகத் தருவதில்லை என்பதால் உங்கள் வரிக்கு எந்தப் பொருள் என்று தீர்மானிக்க அது மட்டும் போதாது.

ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு அச்சானது என்று வரைபடமாகக் காட்டும் கூகுள் என்கிராமை நான் கடைசியில்தான் வைப்பேன். அது எண்ணுவது சொல்லின் எழுத்துவடிவத்தை. பொருளை அதற்குத் தெரியாது. 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீண்ட வடிவில் இருக்கும். கணினி அதை 'எஃப்' என்று படித்து, 'பெஸ்ட்' என்பதைப் பல இடங்களில் 'பெஃப்ட்' ஆக்கிவிடும். 1800-ஐ ஒட்டி ஒரு சொல் திடீரென்று எழுந்ததுபோல் கோடு ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இந்தியா தொடர்பான நூல்களுக்கு, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) தனி வகை. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 'கேட்டமரன்' என்ற சொல்லுக்கு நம் கட்டுமரத்தையே வேராகக் காட்டி, ஆங்கிலேயர் எழுதிய விதவிதமான எழுத்துக்கூட்டல்களையும் தருகிறது. பழைய கடிதத்தில் 'கட்மர்ரம்' என்று பார்த்துத் திகைப்பவருக்கு வேறு எங்கும் இவ்வளவு சுலபமாக விடை கிடைக்காது. ஆனால் இதே சொல் 1804-ஆம் ஆண்டு லண்டன் செய்தித்தாளில் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்த ஆண்டு பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் ஏவிய, வெடிமருந்து அடைத்த மிதவைகளுக்கும் அதே பெயர்தான். பிற்பாடு சண்டைக்காரப் பெண்ணுக்கும், இன்னும் பிற்பாடு இரட்டை உடல் படகுக்கும் அது பெயரானது. இவற்றைப் பிரித்து ஆண்டு வாரியாகப் பார்க்க மறுபடி ஆக்ஸ்ஃபோர்டுக்குத்தான் போக வேண்டும்.