மூச்சுக்காற்றா, மல்டிமீட்டரா?

சூடேற்றும் சுவிட்சைப் போட்டும் காரின் பின்கண்ணாடி முழுவதுமே மூட்டம் தெளியவில்லை என்றால் முதலில் ஃபியூஸையும், மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயையும் பாருங்கள். பட்டை பட்டையாக மூட்டம் நின்றால், கண்ணாடியின் மேல் ஓடும் சூடேற்றும் கோடு எங்கோ அறுந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க, கண்ணாடியின் உட்புறம் ஊதிவிட்டுச் சுவிட்சைப் போடுவது செலவில்லாத வழி. நல்ல கோடுகளை ஒட்டி ஈரம் விலகும். அறுந்த கோட்டின் மேல் வெண்மையாக அப்படியே நிற்கும். ஆனால் எந்தக் கோடு என்றுதான் தெரியும். ஒரு புள்ளியில் அறுந்தாலும் முழுக் கோடும் சூடேறாதே!

அறுந்த இடத்தைக் காட்டுவது, வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டர்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் கறுப்பு முனையை எர்த் பக்கம் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பக்கம்) வைத்து, சிவப்பு முனையை மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து கோட்டின் மேல் நகர்த்துங்கள். நல்ல கோட்டில் சுமார் 12 வோல்ட் படிப்படியாக இறங்கி நடுவில் 6 ஆகும். அறுந்த இடத்தைத் தாண்டியதும் சட்டென்று பூஜ்யம். கூர்முனை கோட்டைக் கீறிவிடும். அதனால் முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். கோட்டை மீண்டும் இணைக்க, வெள்ளி கலந்த மின்கடத்திப் பெயின்டை அந்த அறுந்த இடத்தில்தான் பூச வேண்டும்.