போட்டியா, கிழமை வகுப்பா: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கலைக்கு எந்த வாசல்?

2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளிலும் மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒரு மாநகரசபை, மூன்று நகரசபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். பழைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாக அதிகாரிகளே நிர்வாகத்தைக் கொண்டு நடத்தினார்கள். குப்பை அள்ளுப்பட்டது, வீதி விளக்கும் எரிந்தது. ஆனால் "எங்கட ஊர்ப் பிள்ளையளுக்குப் பின்னேரத்தில ஒரு கூத்து வகுப்பு வேணும்" என்று போய்ச் சொல்ல வட்டாரத்துக்கென்று ஓர் ஆள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பிள்ளைகளுக்குக் கலை பழக்க இங்கே இருக்கிற வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

வழிகள் பெரும்பாலும் ஐந்துதான். பாடசாலை, தனியார் ஆசிரியர், பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவு, நகரத்து மன்றங்களும் மண்டபங்களும், உள்ளூராட்சி சபையின் நூலகமும் அதன் உதவி பெறுகிற ஊர்ப் பொது இடமான சனசமூக நிலையமும். ஒவ்வொன்றிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்று. காசும் வாகனமும் இல்லாத வீட்டுப் பிள்ளை, அதிலும் மேடையைக் கண்டால் கூச்சப்படுகிற பிள்ளை, கிழமைக்கு ஒரு தடவையாவது வருடம் முழுக்க அங்கே போய் வர முடியுமா?

பாடசாலையில் இருந்து தொடங்குவோம். எல்லாப் பிள்ளையும் போகிற ஒரே இடம் அதுதான். தரம் 6 முதல் 9 வரை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைப் படிக்கலாம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் அவை பாடங்களாகத் தொடரும். நாடகத்தைப் பள்ளிப் பாடமாகவே படிக்க முடிகிற இடம் தமிழ் பேசும் உலகில் அதிகம் இல்லை. அந்த வகையில் எங்கள் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் பாடசாலைக் கலையின் உச்சம் என்று ஊரில் எண்ணப்படுவது வகுப்பறைப் பாடம் அல்ல, தமிழ்மொழித் தினப் போட்டிதான். பாவோதல், பேச்சு, இசையும் அசைவும், நாட்டுக்கூத்து, இசை நாடகம் என்று நிகழ்ச்சிகள் உண்டு. பாடசாலை, கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக மேலே போகும்.

அந்தப் படிகளில்தான் எனக்கு மனத்தாங்கல். முதல் படியிலேயே ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பிள்ளைதான், அல்லது ஒரு குழுதான். குரல் ஏற்கெனவே உள்ள பிள்ளையை ஆசிரியர் எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாடசாலையின் பெயர் அவர் தலையில் இருக்கிறது, ஒத்திகைக்குக் கிடைப்பது சில கிழமைகள் மட்டுமே. எடுபடாத பிள்ளை பார்வையாளர் வரிசையில் இருந்து கைதட்டும். வலயத்தில் தோற்ற குழு மறுநாளே கலைந்துவிடும். மாகாணம் வரை போகிற பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு இது ஒரு பயிற்சியே இல்லை.

தனியார் ஆசிரியர் வழி நேர்மாறானது. காசு கட்டினால் எந்தப் பிள்ளைக்கும் இடம் உண்டு, வகுப்பு வருடம் முழுக்க நடக்கும். 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, கடைசியில் கலாவித்தகர் பட்டம் வரை கொண்டுபோகிறது. ஒழுங்கான பாடத்திட்டம், ஒழுங்கான சான்றிதழ். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பரீட்சை என்றால் ஒரு நம்பிக்கை, அதனால்தான் இந்த வழி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. குறை மூன்று. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடு வெளியே நிற்கும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதம் என்று சாஸ்திரியப் பக்கம்தான் பாரம் கூட, கூத்தும் வில்லுப்பாட்டும் அதற்குள் பெரிதாக வராது. மூன்றாவது, பிள்ளை தனியாகப் படித்துத் தனியாகவே பரீட்சை எழுதும். ஒரு குழுவுக்குள் நின்று மற்றவனின் அடியைக் கேட்டுத் தன் அடியை வைக்கிற பழக்கம் அங்கே வராது.

பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் சனங்கள் அடிக்கடி மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். பிரதேச சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்தது. நல்லூரில் இரண்டும் உண்டு, இரண்டின் பெயரிலும் நல்லூர் இருக்கிறது. மனு எழுதுகிறவர் பிழையான கந்தோருக்குக் கொண்டுபோனால், அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று மாதங்கள் போய்விடும். கலாசார உத்தியோகத்தர் இருப்பது பிரதேச செயலகத்தில். பிரதேச கலாசாரப் பேரவை, பண்பாட்டு விழா, இலக்கியப் போட்டி, மூத்த கலைஞர் கௌரவிப்பு, விழா மலர் எல்லாம் அங்கேதான். நூலகம், பொது மண்டபம், விளையாட்டுத் திடல், சிறுவர் பூங்கா, சனசமூக நிலையங்களுக்கான உதவி போன்றவை சபையின் பக்கம்.

செயலகத்தின் பலம் ஆள் அறிவு. எந்த ஊரில் கூத்துப் பழக்குகிற எந்த அண்ணாவியார் இன்னும் பாடுகிறார், யாருடைய வீட்டில் பழைய கூத்துக் கொப்பி இருக்கிறது, யார் உடுப்புக் கட்டுவார் என்பதெல்லாம் ஒரு நல்ல கலாசார உத்தியோகத்தருக்கு விரல் நுனியில் இருக்கும். அந்த அறிவு வேறெங்கும் இல்லை. சில பிரதேசங்களில் கலாசார மத்திய நிலையமும் உண்டு, அங்கே ஒழுங்காக வகுப்புகள் நடக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் செயலகத்தின் கலை என்பது வருடத்தில் ஒரு விழா நாள். காலையில் மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒப்பனை கலைந்து, தலைப்பாகை நழுவி, பசியோடு பக்கவாட்டில் நிற்கும். அதன் நடனத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் விழா என்றால் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நகரத்துக்கு வருவோம். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய நிதியுதவியில் கட்டப்பட்ட கலாசார மையம் நிற்கிறது. 2015 மார்ச்சில் அடிக்கல், 2023 பெப்ரவரியில் கையளிப்பு, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர். 600 பேர் இருக்கக்கூடிய அரங்கம், பதினொரு மாடிக் கோபுரம். ஒலியும் ஒளியும் ஒழுங்காக உள்ள மேடையில் ஒரு பிள்ளை ஒருமுறை நின்றாலே அதன் நடை மாறும். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் நெடுந்தீவுப் பிள்ளைக்கு இந்தக் கட்டடம் என்ன தரும்? குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பட்டணத்துக்கு பஸ். பின்னேர நிகழ்ச்சி என்றால் அன்றைக்குத் திரும்பிப் போக முடியாது. காரைநகர், வேலணை, ஊர்காவற்றுறைப் பிள்ளைகளுக்கும் பின்னேர பஸ்தான் முடிவு சொல்லும்.

மன்றங்களின் கதை வேறு. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும், 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், அவற்றின் வழியில் வந்த குழுக்களும் சிறுவர் அரங்கை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தவை. யுத்த காலத்தில் பள்ளிக்கூட முற்றங்களில் நாடகம் போட்டவர்கள், அடைந்துகிடந்த பிள்ளைகளைச் சிரிக்கவும் அழவும் விட்டவர்கள் இந்த மரபுக்காரர்கள். பழக்குகிற திறமையில் இவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. ஆனால் அவர்களிடம் இருப்பது ஆட்கள். ஊர் ஊராக இடமும் போக்குவரத்துச் செலவும் அவர்களிடம் இல்லை. மருதனார்மடத்தில் யாழ் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்தில் இசையும் நடனமும் சித்திரமும் படித்து வெளியேறி, வேலைக்குக் காத்திருக்கிற இளையவர்களின் நிலையும் அதுதான்.

இனிச் சபை. கலை தெரிந்த உத்தியோகத்தர் அங்கே அபூர்வம். பாதீடு என்று வந்தால் வீதி, வடிகால், கழிவு, சந்தை என்பவைதான் முதலில் நிற்கும், அது நியாயமும்கூட. பிள்ளைகளுக்கென்று சபை வழக்கமாகச் செய்வது ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நூலகங்களில் ஓவியம், கட்டுரை, பேச்சுப் போட்டிகள் வைப்பது. அதுவும் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும்.

இவ்வளவு பலவீனம் இருந்தும் நான் சபையின் பக்கமே நிற்கிறேன். காரணம் சனசமூக நிலையம். வலிகாமமோ வடமராட்சியோ, ஒரு பிள்ளை சைக்கிளில் நாலைந்து நிமிடத்தில் போகக்கூடிய தூரத்தில் பெரும்பாலும் ஒரு நிலையம் இருக்கிறது. காலையில் முன்பள்ளி, பகலில் பத்திரிகை வாசிக்கிற ஐயாமார், பின்னேரம் பூட்டு. அந்தப் பின்னேரம்தான் எங்களுக்கு வேண்டியது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நிலையத்தில் பத்திரிகை மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு வடமோடிக் கூத்துப் பழக்குவதைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சலங்கை இல்லை, வெறுங்கால். மத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் ஒரு பையனுக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்குக் குரல் எழும்பவேயில்லை. "பாட்டு இப்ப வேண்டாம் தம்பி, காலைப் பார். கால் சரியா வந்தால் குரல் தானா வரும்" என்றார். போட்டிக்கான ஒத்திகையாக இருந்திருந்தால் அந்தப் பையனை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். இங்கே அடுத்த கிழமையும் அவன் வரலாம், அதற்கடுத்த கிழமையும் வரலாம். பெண் பிள்ளைகளும் அதே வரிசையில் நின்று ஆடினார்கள். ஒரு தாய் வாசற்படியில் இருந்து கைக்குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டே பார்த்தார். அந்தத் தாயால் பட்டணத்து மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

தகவல் வருகிற விதத்தையும் ஒப்பிட வேண்டும். வகுப்பு இருந்தும் தெரியாவிட்டால் பயன் இல்லை. பாடசாலை அறிவித்தல் கொப்பியில் எழுதப்பட்டு வீட்டுக்கு வரும், அதுதான் நிச்சயமானது. செயலகத்தின் அறிவித்தல் கிராம அலுவலர் வழியாக வந்தால் வரும், முடிவுத் திகதிக்கு முதல்நாள் வந்த கதைகளும் உண்டு. சபைகளுக்கு முகநூல் பக்கம் இருக்கிறது. ஆனால் அதில் அதிகம் வருவது முடிந்த நிகழ்ச்சியின் படங்கள், பொன்னாடை போர்த்துகிற படங்கள். வரப்போகும் போட்டியின் திகதி, வயதெல்லை, விண்ணப்பம் எங்கே என்பது வருவதில்லை. எங்கள் வட்டாரத்தில் ஓவியப் போட்டி ஒன்று நடந்ததே பரிசளிப்புப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இதைத் திருத்தக் காசு தேவையில்லை. மாத ஆரம்பத்தில் ஒரு பக்க அறிவித்தல், நூலகப் பலகையிலும் பாடசாலை வாசலிலும் சனசமூக நிலையங்களின் வட்ஸ்அப் குழுக்களிலும் போனால் போதும். சுன்னாகம் பொது நூலகம் போல, தினமும் பிள்ளைகள் வந்து போகிற நூலகங்கள் சபைகளிடம் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆக, என் தெரிவு இது. தன் பிள்ளையை மட்டும் பார்க்கிற பெற்றோருக்குக் கட்டணம் கட்ட வசதி இருந்தால், நல்ல ஆசிரியரும் பாடசாலை மேடையும் சேர்ந்தால் நல்லது. போட்டி கிடைத்தால் விடவேண்டாம். ஆனால் ஒரு சனசமூக நிலைய நிர்வாகமோ, ஒரு வட்டார உறுப்பினரோ கையில் உள்ள கொஞ்சக் காசை எங்கே போடுவது என்று யோசித்தால், விழாவுக்கும் கேடயத்துக்கும் போடாமல் கிழமை வகுப்புக்குப் போடுங்கள். இடத்தைச் சபை தரட்டும், ஆளைச் செயலகம் காட்டட்டும், பழக்குவதை மன்றத்தாரும் பீடத்தில் படித்து வந்தவர்களும் செய்யட்டும். ஒரு அண்ணாவியாருக்கும் ஒரு இளம் ஆசிரியருக்கும் வருடம் முழுக்கக் கொடுக்கிற கொடுப்பனவை, மேடை, பந்தல், ஒலிபெருக்கி, மலர் அச்சு என்று ஒரே நாளில் போகிற செலவோடு வைத்துப் பார்த்தால், அது கட்டுப்படியாகாத தொகை அல்ல.

ரியூசன் ஒரு தடைதான். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைக்குக் கிழமை நாளில் மூச்சுவிட நேரம் இல்லை. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலைக்கு. மிச்சம் இருப்பது ஞாயிறு பின்னேரம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைக் கேட்டு வாங்கலாம், தரம் 4 பிள்ளைகளில் இருந்து தொடங்கினால் இன்னும் இலகு.

அடுத்த வருடத்துக்கான பாதீடு வருட முடிவுக்குள் சபையில் நிறைவேற வேண்டும், வரைவு அதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆகவே கடிதம் ஐப்பசிக்கு முன்னர் தவிசாளர் கையில் இருக்க வேண்டும், மாநகரசபை என்றால் முதல்வர் கையில். பிரதி ஒன்று வட்டார உறுப்பினருக்கு, ஒன்று கலாசார உத்தியோகத்தருக்கு. நிலையத்தின் பதிவு இலக்கம், வகுப்பு நாளும் நேரமும், பழக்க ஒத்துக்கொண்டவரின் பெயர், வரச் சம்மதித்த பிள்ளைகளின் எண்ணிக்கை, மாதம் எவ்வளவு தேவை என்ற கணக்கு, இவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதில் வராவிட்டால், சபையின் மாதாந்த அமர்வில் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்க உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால், கலைக்கும் நூலகத்துக்கும் போன வருடம் எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவானது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். சபையின் தகவல் அலுவலர் அதற்குப் பதில் தர வேண்டும்.