மூத்த டிஃபென்ஸ்மேனா, டாப் டிராஃப்ட் பிக்கா? கார்ல்சனை இரண்டு முறை பிரிந்த அனுபவத்திலிருந்து

2018 செப்டம்பர் 13 அன்று என் ஐஸ் ஹாக்கி அணியான ஒட்டாவா செனட்டர்ஸ், தன் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) எரிக் கார்ல்சனை சான் ஹோசே ஷார்க்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. 2008 டிராஃப்ட் ஒட்டாவாவிலேயே நடந்தது, எங்கள் கேப்டன் ஆல்ஃப்ரெட்சன் மேடையேறிப் பெயரைச் சொல்லி எடுத்த பையன் அவர். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை இரண்டு முறை வாங்கியவர், 2017ல் குதிகால் எலும்பில் விரிசலோடு ஆடி எங்களைக் கிழக்குப் பிரிவு இறுதி வரை கொண்டுபோனவர். அவரை யாராவது கொடுப்பார்களா? ஐந்து வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், ஆபீஸ் நண்பர்களோடு ஆடும் ஃபேன்டசி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு) அதே கார்ல்சனை நானே கொடுத்தேன், பதிலுக்கு அந்த வருடத்தின் முதல் பிக்கை வாங்கினேன். அதனால் இந்தக் கேள்வியில் நான் எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை. பிக் பக்கம்தான்.

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்டில் பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை அணிகள் வரிசையாக எடுக்கும், மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை, உச்சியில் யார் என்பதை லாட்டரி முடிவு செய்யும். அப்படி ஒருவரை எடுக்கும் முறைதான் பிக். அதை வேறு அணிக்குக் கொடுத்து வீரரை மாற்றிக்கொள்ளலாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். மூத்தவர் இன்றைக்கே உதவுவார், பையன் எப்படி வருவான் என்று யாருக்கும் தெரியாது. 2017ல் இரண்டாவதாகப் போன நோலன் பேட்ரிக் ஒற்றைத் தலைவலியோடும் காயங்களோடும் போராடிச் சீக்கிரமே ஆட்டத்தை விட்டு விலக வேண்டியிருந்தது, நான்காவதாகப் போன டிஃபென்ஸ்மேன் கேல் மகார் 2022ல் சாம்பியன் கோப்பையும், பிளேஆஃபின் (சீசனுக்குப் பிறகு முன்னணி அணிகள் கோப்பைக்காக ஆடும் சுற்றுகள்) சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அந்த மகாரே டிராஃப்டுக்குப் பிறகு இரண்டு வருடம் கல்லூரியில்தான் ஆடினார். சம்பளக் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019ல் சான் ஹோசே கார்ல்சனுக்கு எட்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது, வருடத்துக்கு 1.15 கோடி டாலர். அப்போது ஒரு அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பே 8.15 கோடி. புதுப் பையனின் முதல் மூன்று வருட அடிப்படைச் சம்பளம் அப்போது வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டாது.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது சம்பளமும் இல்லை, வயதும் இல்லை. பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று: மூத்தவரை வாங்கக் கொடுக்கும் பிக் நம்முடைய பிக். அது எந்த இடத்தில் விழும் என்பது நாம் எப்படி ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வாங்கிய வீரர் நன்றாக ஆடினால் நாம் மேலே போவோம், கொடுத்த பிக் முதல் சுற்றின் கடைசிக்குப் போகும், பெரிய நஷ்டமில்லை. அவர் சறுக்கினாலோ, காயம்பட்டாலோ, அணியே சரிந்தாலோ, அதே சரிவு நாம் கொடுத்துவிட்ட பிக்கை மேலே தூக்கிவிடும். நமக்கு மருந்து எப்போது வேண்டுமோ அப்போது பார்த்து அது பக்கத்து வீட்டில் இருக்கும். இரண்டு தனித்தனி ஆபத்து இல்லை இது, ஒரே ஆபத்து இரண்டு முறை அடிக்கிறது.

சான் ஹோசேவுக்கு நடந்தது இதுதான். முதல் வருடம் கார்ல்சன் காயத்தால் 53 ஆட்டமே ஆடினார், ஆனாலும் அணி மேற்குப் பிரிவு இறுதி வரை போய் செயின்ட் லூயிஸிடம் தோற்றது. அதுவரை டிரேட் சரியாகவே தெரிந்தது. அடுத்த சீசனில் 31 அணிகளில் கீழிருந்து மூன்றாவது. கார்ல்சனுக்காகக் கொடுத்துவிட்டதால் அந்த வருடத்து முதல் சுற்று பிக் ஒட்டாவாவுடையது! லாட்டரி முடிந்து அது மூன்றாவது இடத்தில் நின்றது. 2020 அக்டோபரில் டிவி வினாடிவினா தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக் வீடியோவில் வந்து எங்கள் அணிக்காக டிம் ஸ்டுட்ஸ்லே பெயரைச் சொன்னார், அடுத்து எங்கள் சொந்த பிக்கில், ஐந்தாவதாக, ஜேக் சாண்டர்சன் என்ற டிஃபென்ஸ்மேன் வந்தார். 2018ல் வந்த கோபம் எனக்கு அன்றுதான் போனது. 2022-23ல் ஸ்டுட்ஸ்லே 90 பாயின்ட் (அடித்த கோலும், கோலடிக்கக் கொடுத்த உதவியும்) எடுத்தார். அதே சீசனில் கார்ல்சன் 101 பாயின்ட் எடுத்து மூன்றாவது நோரிஸ் வாங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வளவு பிரமாதமாக ஆடியும் சான் ஹோசே பிளேஆஃபுக்குப் போகவில்லை. ஒரு டிஃபென்ஸ்மேன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆடுவார், மீதி முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஆள் வேண்டுமே.

நிபந்தனை போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். ஓரளவு போதும். 2017ல் கொலராடோவிடமிருந்து மேட் டுஷேனை வாங்கியபோது எங்கள் அணியே அப்படிப் போட்டது. பிக் முதல் பத்துக்குள் விழுந்தால் வைத்துக்கொண்டு, அடுத்த வருடத்துடையதைக் கொடுக்கலாம். 2018ல் நான்காவதாக விழுந்தது, வைத்துக்கொண்டு பிரேடி ட்காசக்கை எடுத்தோம். 2019லும் நான்காவதாகவே விழுந்தது, கொலராடோ அதில் போவன் பைரமை எடுத்துக்கொண்டது. டுஷேன் அதற்கு முன்பே ஒட்டாவாவை விட்டுப் போயிருந்தார்.

சரி, என் லீக்குக்கு வருகிறேன். இது கீப்பர் லீக், வீரர்களை வருடாவருடம் தக்கவைத்துக்கொள்ளலாம். கார்ல்சனுக்கு அப்போது 33 வயது, 101 பாயின்ட் வாசனை இன்னும் போகவில்லை, பிட்ஸ்பர்க் வேறு வாங்கியிருந்தது. அந்த வருடமே ஜெயித்துவிட வேண்டும் என்று ஒரு நண்பருக்கு அவசரம். முதல் பிக்கைக் கொடுத்தார், நான் புதுப் பையன் கானர் பெடார்டை எடுத்தேன். அந்த சீசனில் கார்ல்சன் 82 ஆட்டத்தில் 56 பாயின்ட், பெடார்ட் தாடை உடைந்தும் 68 ஆட்டத்தில் 61. ஆனால் ஃபேன்டசியில் டிரெஸ்ஸிங் ரூம் கிடையாது. பாஸ்டனில் டிஃபென்ஸ்மேன் மெக்காவோய் தன் முதல் வருடங்களில் மூத்த டிஃபென்ஸ்மேன் ஸ்டேனோ சாராவின் பக்கத்தில் நின்று ஆடியவர், அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்பதில் வெளியிலிருந்து பார்க்கும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஒன்று: எங்களோடு ஒப்பந்தம் முடிந்திருந்த அந்தச் சாராவை 2006ல் பாஸ்டன் அவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் கூட்டிப்போனது, ஒரு பிக்கைக்கூடக் கொடுக்கவில்லை. மூத்தவரை வாங்க எனக்குப் பிடித்த வழி அது.

பிக் பக்கத்தின் விலை காத்திருப்பு. ஒட்டாவா ஏழு சீசன் பிளேஆஃபைப் பார்க்காமல் இருந்தது, 2025ல்தான் திரும்பி வந்தது, அதுவும் முதல் சுற்றிலேயே டொரோன்டோவிடம் ஆறு ஆட்டத்தில் முடிந்தது. அந்த ஏழு வருடமும் டிக்கெட் வாங்கியவர்களில் நானும் ஒருவன், லேசாகச் சொல்லவில்லை.

அதனால் மூத்தவரை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2000 மார்ச்சில் கொலராடோ மூத்த டிஃபென்ஸ்மேன் ரே போர்க்கை வாங்க முதல் சுற்று பிக் கொடுத்தது, அடுத்த வருடம் 40 வயதில் அவர் கையில் கோப்பை. கொலராடோ அப்போதே பலமான அணி, போர்க் வராவிட்டாலும் கீழே போயிருக்காது, கொடுத்த பிக் உயரே ஏற வழியே இல்லை. என் லீக்கிலும் யாராவது மூத்த டிஃபென்ஸ்மேனைக் கொடுக்க வந்தால் முதலில் அவர் பாயின்டைப் பார்ப்பதில்லை. அவர் இல்லாமல் என் அணி எத்தனையாவது இடத்தில் முடியும் என்று எழுதிப் பார்க்கிறேன். பாதிக்குக் கீழே வந்தால் பிக்கைக் கொடுப்பதில்லை.