இரைச்சல் போனது, பிழை போகவில்லை: என் ஃபேமிகாம் நகலுடன் ஐந்து ஆண்டுகள்

சென்ற வாரம் சுங்கை சிப்புட்டில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் ஃபேமிகாம் நகல் பெட்டி, அதாவது நிண்டெண்டோவின் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல், வீடு திரும்பியது. அன்று மாலையே தோட்டத்துக் காலத்து நண்பர் ஒருவர் அழைத்து, இரவுச் சந்தையில் அதே பெட்டியை 80 வெள்ளியிலிருந்து 45 வெள்ளிக்கு இறக்கியிருக்கிறார்களே, பிள்ளைகளுக்கு வாங்கலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெட்டியின் உழைப்பைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். அலமாரியின் மேலிருந்து இரண்டு முறை விழுந்தும் ஓட்டில் ஒரு கீறல்தான். அம்மா மைலோ டின்னில் போட்டு வைத்திருந்த என் சிறுவயது கேட்ரிஜ்களை (விளையாட்டு அடங்கிய செருகுபெட்டிகள்), கால்களை அழிரப்பரால் துடைத்துச் செருகினால், அந்த 60 கால் துளை இன்றும் முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொள்கிறது. விளையாடும் கைப்பிடியின் கம்பி மட்டும் பிளக்கின் அருகே அறுந்துகொண்டே இருக்கும். கூடவே தந்த கேட்ரிஜின் மேல் அச்சிட்டிருந்த 9999999 விளையாட்டுகளை யாரும் நம்பப்போவதில்லை. சிலவற்றையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

பழுது என்னவென்றால், ஓராண்டாகவே ஒலியின் அடியில் ஒரு தாழ்ந்த முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஓட்டைத் திறந்து, உச்சி வீங்கிய கெப்பாசிட்டரைக் காட்டினார். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதை நேர்மின்னாக்கும்போது மிஞ்சுகிற 100 ஹெர்ட்ஸ் அலையைத் தணிக்க வேண்டிய கெப்பாசிட்டர் காய்ந்துபோனதால், அந்த அலை நேராக ஒலிக்குள் இறங்கிவிட்டதாம். கூடவே, 9 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் 7805 என்ற மூன்று கால் பாகத்துக்கு வெப்பத்தை இழுக்க ஓர் அலுமினியத் தகட்டையும் வைத்துத் தந்தார். 18 வெள்ளிக்கு நல்ல வேலை.

ஆனால் முனகல் நின்றதும், அதன் கீழே மறைந்திருந்த குற்றம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

1983இல் ஜப்பானில் வெளிவந்த அசல் ஃபேமிகாமின் ஒலிக்கு ஐந்து தடங்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவு செய்த ஒலித்துணுக்குகளுக்கு ஒன்று. மெட்டைப் பெரும்பாலும் சுமப்பவை சதுர அலைகள்தாம். ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்பதை 0 அல்லது 1 என்ற இரண்டு பிட்டுகளால் சொல்வார்கள்; 00, 01, 10, 11 என்றால் முறையே 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு தேர்வுகள். நகல்களின் மின்னணுச் சிப்புகள் பலவற்றில் இந்த இரண்டு பிட்டுகளும் இடம் மாறிப் படிக்கப்படுகின்றன, 01 என்பது 10 ஆகிவிடுகிறது. அதனால் முதலும் கடைசியும் தப்பிவிட, 25 கேட்ட இடத்தில் 50 வருகிறது, 50 கேட்ட இடத்தில் 25 வருகிறது. சுரம் பிசகுவதில்லை, தாளம் பிசகுவதில்லை; குரல் மட்டும் ஆள் மாறிவிடுகிறது. கிளாரினெட் போல உருண்டு வரவேண்டியது மூக்கால் பாடுகிறது, கூர்மையாக வரவேண்டியது குழைந்துவிடுகிறது. சிப்பு கறுப்புப் பிசினுக்குள் புதைந்திருப்பதால் எந்தக் கடைக்காரரும் இதைத் திருத்த முடியாது. முக்கோண அலையின் அடித்தாளம் மட்டும் அசலுக்கு இணையாகத் திண்ணென்று நிற்கிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் பெரியப்பா மகன் வைத்திருக்கும் ஜப்பானியப் பெட்டியில் என் கேட்ரிஜைப் போட்டுக் கேட்ட நாளில்தான் எனக்கு இது தெரிந்தது. அதில்தான் ஏதோ கோளாறு என்று அண்ணனிடம் வாதாடினேன். சிறுவயதில் அப்பா வாங்கித் தந்த பெட்டியும் நகல்தான்; லயத்து வீட்டின் முன்கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகளாக உட்கார்ந்து நான் மனப்பாடம் செய்த மெட்டுகள் எல்லாமே குரல் மாறியவை. இன்றைக்கும் அசல் ஒலிக்கும்போது யாரோ அந்நியர் பாடுவதுபோல் இருக்கிறது. அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது? விற்றவருக்கும் தெரிந்திருக்காது, வாங்கித் தந்த அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

நண்பருக்கு நேற்றுப் பதில் சொன்னேன்: 45 வெள்ளி அல்ல, 20 வெள்ளிக்குத் தந்தாலும் வேண்டாம். அப்படியென்றால் உன்னுடையதைக் கொடுத்துவிடேன் என்றார். அதற்குப் புதுக் கைப்பிடிக் கம்பி சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வருகிறது.