கிரீஸ்ல கிரீட் தீவுல கிராமத்து வீடு புக் பண்ணிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க, போலி பேமென்ட் லிங்க்ல எங்களுக்கு 1,284 யூரோ போச்சு

இன்னைக்கு காலைல அந்த புக்கிங் சைட்ல இருந்து கேஸை க்ளோஸ் பண்ணிட்டோம்னு மெயில் வந்துச்சு. ரெண்டே வரி. 1,284 யூரோவை ரெண்டு வரில முடிச்சுட்டாங்க. வயிறு எரியுது. ஸ்கூல் லீவுக்கு கிரீஸ், சைப்ரஸ், மால்டான்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் புக் பண்ணி வச்சிருப்பீங்க, அதனால சூட்டோட சூடா எழுதிடறேன். சைட் பேரு போடல, கேஸ் இன்னும் பேங்க்ல இருக்கு. வீடு, ரூம், ஹோட்டல் எல்லாம் புக் பண்ற பெரிய சைட், உங்க போன்லயும் இருக்கும், அவ்ளோ தான் சொல்ல முடியும்.

நாங்க இருக்கறது ஜெர்மனில. அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்துல இருந்து விசிட் விசால வந்திருந்தாங்க. பாரிஸ், ரோம்னு கூட்டத்துல அலைய அப்பாவுக்கு முட்டி ஒத்துழைக்காது, அம்மாவுக்கு அவங்க கையால ரசம் வைக்க ஒரு அடுப்பு வேணும். அதனால கிரீட்ல மேற்குப் பக்கம், சானியா ஏர்போர்ட்ல இருந்து கார்ல போற தூரத்துல, அப்போகோரோனாஸ்னு ஒரு ஏரியா இருக்கு, வாமோஸ், கவலோஹோரி மாதிரி ஆலிவ் தோப்புக்கு நடுவுல சின்ன சின்ன கிராமம், கீழ இறங்கினா அல்மிரிடா, கலிவேஸ்னு கடற்கரை, அங்க ஒரு பழைய கல் வீடு பாத்தோம். முற்றத்துல எலுமிச்சை மரம், பெரிய கிச்சன். எல்லாம் ஒழுங்கா செக் பண்ணி தான் புக் பண்ணேன். ரிவ்யூ நூத்துக்கு மேல இருந்துச்சு. கிரீஸ்ல வீட்டை டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடறவங்க அரசாங்கத்துல பதிவு பண்ணி ஏஎம்ஏன்னு ஒரு நம்பர் வாங்கணும், அதை விளம்பரத்துல போடணும், அந்த நம்பரும் இருந்துச்சு. காசு அங்க போய் குடுத்தா போதும்னு போட்டிருந்தாங்க. கார்டு நம்பர் சும்மா கேரண்டிக்கு.

புக் பண்ணதுக்கு அப்புறம் சைட்டோட ஆப்ல இருக்கற மெசேஜ் பாக்ஸ்லயே வீட்டுக்காரங்க கிட்ட பேசினேன். அப்பாவுக்கு முட்டி வலி, படி எத்தனைன்னு கேட்டேன். வாசல்ல மூணு படி, உள்ள ஒண்ணும் இல்ல, அப்பாவுக்கு கீழ் ரூம்லயே கட்டில் போட்டுத் தர்றோம்னு பதில். குழந்தைக்கு தொட்டில் இருக்கான்னு கேட்டேன், எங்க பேரனோடது இருக்குன்னு போட்டோ எடுத்தே அனுப்பினாங்க. யாருங்க இந்தக் காலத்துல இப்படி பதில் போடறாங்க? அந்த மெசேஜை அம்மாவுக்கு படிச்சுக் காமிச்சேன், நல்ல மனுஷங்களா இருக்காங்கடின்னு சொன்னாங்க. நம்பிக்கை வந்தது அங்க தான். அந்த நம்பிக்கையைத் தான் திருடிட்டாங்க.

கிளம்பறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நாள் காலைல பாத்தா அதே ஆப், அதே பாக்ஸ், தொட்டில் போட்டோவுக்கு நேர் கீழ புதுசா ஒரு மெசேஜ். என் முழுப் பேரு, வர்ற தேதி, போற தேதி, பெரியவங்க நாலு பேர் குழந்தை ஒண்ணு, மொத்தம் 1,284 யூரோ, எல்லாம் கரெக்டா போட்டு, உங்க கார்டை சரிபார்க்க முடியல, 24 மணி நேரத்துக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலன்னா புக்கிங் ரத்தாகிடும், எடுக்கற பணம் உடனே திரும்ப வந்துடும், கிளைமேட் வரி மட்டும் வழக்கம் போல இங்க வந்து கட்டினா போதும்னு இருந்துச்சு. இந்த வரி விஷயம் உண்மை. கிரீஸ்ல ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு தங்கற இடத்துலயே வாங்கறாங்க, புக்கிங் பேப்பர்லயும் அது இருந்துச்சு. அதைக் கூட விடாம எழுதியிருந்தா யாருக்கு சந்தேகம் வரும்? லிங்க்கை தட்டினேன். அதே லோகோ, அதே கலர், நம்ம வீட்டு போட்டோ, புக்கிங் நம்பர். கார்டு போட்டதும் என் பேங்க் ஆப்ல அப்ரூவல் கேட்டுச்சு, அதுலயும் ஹோட்டல் ரிசர்வேஷன்னு தான் பேரு இருந்துச்சு. அப்ரூவ் பண்ணேன். 1,284 யூரோ போச்சு.

சாயங்காலம் வரைக்கும் திரும்ப வரல. அதே பாக்ஸ்ல கேட்டேன், சிஸ்டம் எரர், இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்த்து வரும்னு பதில். அப்ப தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே கார்டை பிளாக் பண்ணிட்டு சைட்டுக்கு போன் போட்டேன்.

இனிமே நடந்தது தான் கொடுமை. முக்கால் மணி நேரம் மியூசிக். அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து ரொம்ப பணிவா, மேடம், நீங்க கட்டினது எங்க பேமென்ட் பக்கத்துல இல்ல, வெளிலிங்க்ல கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல, ப்ராபர்ட்டியைக் கேளுங்கன்னு சொன்னா. நான் கேட்டேன், அந்த லிங்க் எங்க வந்துச்சு? உங்க ஆப்ல. யார் பேர்ல வந்துச்சு? நீங்க சரிபார்த்து பச்சை டிக் போட்ட வீட்டுக்காரங்க பேர்ல. என் பேரு, தேதி, தொகை எல்லாம் எங்க இருந்து போச்சு? உங்க கிட்ட இருந்து. அதுக்கு பதிலே இல்ல, உங்க வருத்தம் புரியுதுன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொன்னா. மேலதிகாரி கூப்பிடுவார்னாங்க, ஒருத்தரும் கூப்பிடல. மெயில் போட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் முதல்ல இருந்து கதை கேக்கறாங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பு, அனுப்பியாச்சு, தெளிவா இல்ல, மறுபடி அனுப்பு. ஒருத்தர் அடுத்த புக்கிங்ல போட்டுக்கங்கன்னு 30 யூரோ கூப்பன் குடுக்க வந்தார். 1,284 யூரோ போனவளுக்கு 30 யூரோ கூப்பன், அதுவும் அவங்க கிட்டயே திரும்ப புக் பண்றதுக்கு! வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி எழுதிட்டேன்.

பேங்க்ல கேட்டா, பணத்தை நீங்களே ஆப்ல அப்ரூவ் பண்ணிருக்கீங்க, அதனால இது திருட்டுல வராது, சார்ஜ்பேக், அதாவது கார்டுல போன பணத்தைத் திரும்பக் கேக்கறது, போட்டுப் பாக்கறோம் ஆனா உறுதி இல்லன்னாங்க. போட்டாங்க, நிராகரிச்சுட்டாங்க. போலீஸ்ல ஆன்லைன்ல கம்ப்ளைன்ட் குடுத்தேன், நம்பர் ஒண்ணு வந்துச்சு, அதோட சரி.

ட்ரிப்பை கேன்சல் பண்ணவும் முடியாது. ஃபிளைட் டிக்கெட் ரீஃபண்ட் இல்லாதது, அம்மா அப்பா விசா முடியற நேரம். சரி வீடாவது நிஜமா இருக்கான்னு பதறிட்டே தான் போய் இறங்கினோம். வீடு இருந்துச்சு. போட்டோல இருந்த மாதிரியே இருந்துச்சு. எலுமிச்சை மரம், மூணு படி, கீழ் ரூம்ல கட்டில், தொட்டில், எல்லாம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், வாசல்லயே நின்னு குழந்தையை வாங்கிக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரு பைசா வரல. பாக்கி அப்படியே கட்டணும். மறுபடியும் 1,284 யூரோ.

அன்னைக்கு ராத்திரி அவங்க கிச்சன் டேபிள்ல உக்காந்து பேசினோம், அவங்க மகன் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவங்க லாகின்ல அதே பாக்ஸைத் திறந்து காமிச்சாங்க. அவங்க பக்கத்துலயும் அந்த மெசேஜ் இருக்கு, அவங்க பேர்லயே போயிருக்கு, நேரம் விடியக்காலை 2:47. நான் அப்ப தூங்கிட்டு இருந்தேன், எனக்கு இவ்ளோ இங்கிலீஷும் தெரியாதுன்னு அழற மாதிரி ஆகிட்டாங்க. சீசன் ஆரம்பத்துல சைட்ல இருந்து வர்ற மாதிரியே ஒரு மெயில் வந்திருக்கு, ஒரு கெஸ்ட் கம்ப்ளைன்ட் குடுத்திருக்காங்க லாகின் பண்ணி பாருங்கன்னு, மகன் பாஸ்வேர்டு போட்டிருக்கான், அவ்ளோ தான், சாவி மொத்தமும் திருடன் கைக்குப் போயிடுச்சு. அந்த அம்மா மேல எனக்கு கோவம் இல்ல. மகன் மேல கொஞ்சம் இருக்கு.

ஆனா ரத்தம் கொதிச்சது அடுத்து அவன் சொன்னதுல. எனக்கு முன்னாடியே ஒரு போலந்து குடும்பத்துக்கு இதே மெசேஜ் போயிருக்கு, அவங்க உஷாராகி இவங்களுக்கு போன் பண்ணிருக்காங்க, இவன் அன்னைக்கே சைட்டுக்கு சொல்லிருக்கான், அவங்க பாஸ்வேர்டை மாத்துங்கன்னு பதில் போட்டிருக்காங்க. அந்த மெயிலை நானே பாத்தேன், தேதியோட. எனக்கு மெசேஜ் வர்றதுக்கு முன்னாடி தேதி. அதாவது சைட்டுக்கு தெரியும். இந்த வீட்டை புக் பண்ணவங்க லிஸ்ட் அவங்க கையில இருக்கு. எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு எச்சரிக்கை மெயில் அனுப்ப எத்தனை நிமிஷம் ஆகும்? விளம்பர மெயில் வாரத்துக்கு நாலு அனுப்பத் தெரியுது. இதை அந்த மெயிலோட காப்பியோட சேர்த்து அனுப்பி கேட்டதுக்கு வந்த பதில் தான் இன்னைக்கு காலைல வந்த ரெண்டு வரி.

ஊரைப் பத்தி கேப்பீங்க. ஊர் மேல ஒரு குறையும் இல்ல, கிரீட் மாதிரி இடத்துக்கு கண்டிப்பா போங்க. வ்ரிசெஸ்ல ஆத்தங்கரைல பெரிய மரத்தடில உக்காந்து தேன் ஊத்தின கெட்டித் தயிர் சாப்பிட்டோம், அப்பா ரெண்டு கிண்ணம். குர்னாஸ் ஏரில ஆமை பாத்தோம். லூத்ரோன்னு ஒரு கடற்கரை கிராமம், தெற்குப் பக்கம், ரோடே கிடையாது, ஹோரா ஸ்ஃபகியோன்ல இருந்து படகுல தான் போகணும், இல்லன்னா மலையில நடக்கணும், வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமா தண்ணியை ஒட்டி வரிசையா வீடு, கார் சத்தமே இல்ல. சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நடைன்னு விட்டுட்டோம். சாப்பாட்டுக் கடைல கேக்காமலே கடைசில பழமும் ராக்கின்னு அந்த ஊர் சாராயமும் கொண்டு வந்து வைக்கறாங்க, காசு வாங்கல. அப்படிப்பட்ட ஜனங்க. ஆனா எங்க போனாலும் என் மண்டைக்குள்ள 1,284 தான் ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டு தடவை கட்டினதுல நம்ம ஊர் காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. அப்பா ஒரு வார்த்தை கேக்கல, ஆனா கடைல மெனு கார்டைப் பாத்து எனக்கு பசிக்கலன்னு சொன்னார் பாருங்க, அதை எப்படிங்க மறக்கறது.

விவரமா செய்ய வேண்டியது செய்யக் கூடாததுன்னு தனியா எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், நேரம் இல்ல, முக்கியமானது மட்டும் சொல்றேன். ஆப்புக்குள்ள வந்தாலும், வீட்டுக்காரங்க பேர்லயே வந்தாலும், பேமென்ட் லிங்க் வந்தா தொடாதீங்க. அங்க வந்து கட்டுன்னு போட்டிருந்தா அங்க போய் தான் கட்டணும், நடுவுல கார்டு சரிபார்ப்பு, டெபாசிட், வெரிஃபிகேஷன்னு எது வந்தாலும் புக்கிங் பேப்பர்ல இருக்கற நம்பருக்கு போன் போட்டு வாயால கேளுங்க. 24 மணி நேரம், 12 மணி நேரம்னு கெடு வச்சாலே திருட்டுன்னு எடுத்துக்கங்க. பணம் போயிடுச்சுன்னா முதல் வேலை கார்டு பிளாக், ஜெர்மனில இருக்கவங்களுக்கு 116 116, வெளிநாட்டுல இருந்து அடிச்சா முன்னாடி +49 சேர்த்துக்கங்க. கிரீஸ்ல டூரிஸ்ட் போலீஸ் 1571. அந்த மெசேஜை சைட்காரங்க அழிக்கறதுக்கு முன்னாடி தேதி நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, என் பாக்ஸ்ல இப்ப அது இல்ல, அழிச்சுட்டாங்க, அந்த அம்மா போன்ல எடுத்த போட்டோ தான் தேதி நேரத்தோட தெளிவா என் கிட்ட இருக்கற ஒரே ஆதாரம்.

பேங்க்கு அப்பீல் லெட்டர் இன்னைக்கு ராத்திரியே எழுதணும், ஜெர்மனில கேல்ங்கற ஊர்ல இருக்கற ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் அனுப்பப் போறேன். யாருக்காவது இதே மாதிரி நடந்து பணம் திரும்பக் கிடைச்சிருந்தா எப்படி எழுதினீங்கன்னு கீழ சொல்லுங்க, என் 1,284 யூரோ பத்தி என்ன பதில் வந்தாலும் நானும் இங்கயே போடறேன்.